கேள்வி கேட்கப் போனவள்

பெரியமடுவில் எங்கள் வளவுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். சொந்த மாமி அல்ல, ஊர் முறைக்கு மாமி. சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம், வினாக்கொத்தும் பேனையும் கையுமாக அவருடைய படலையைத் திறந்துகொண்டு போனேன். முதுமாணிப் பட்டத்துக்காக நான் செய்துகொண்டிருந்த சுகாதார ஆய்வுக்கு அவருடைய வீடும் தெரிவாகியிருந்தது.

மாமி என்னை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்து வந்தார். பெட்டிக்குள் அடையாள அட்டை, குடும்ப அட்டை, பேரப்பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்தா பார் மகள். இவ்வளவு பேரும் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவங்க தந்தது. நீ எத்தனையாவது ஆள்?"

எண்ணிப் பார்த்தேன், ஏழு தாள்கள் இருந்தன. சில புத்தளத்தில் முகாமில் இருந்த காலத்தவை. சில ஊருக்குத் திரும்பிய பிறகு வந்தவை. இரண்டு ஆங்கிலத்தில் இருந்தன, ஒன்று சிங்களத்தில். தமிழில் இருந்தவையும் படித்தவர்களுக்கே விளங்காத தமிழில் இருந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வசனம் மாறாமல் இருந்தது: ஆய்வின் முடிவுகள் உங்களுக்கு அறியத்தரப்படும்.

"ஒருத்தரும் திரும்பி வரல்ல," என்றார் மாமி. அதில் கோபம் எதுவும் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அன்று நான் கேள்வி எதுவும் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. அந்தத் தகரப்பெட்டிக்கு எட்டாவது தாளைக் கொடுக்கத்தானா இவ்வளவு படித்தேன் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

உம்மா சொன்ன மூன்று

நான் எப்போதும் கேள்வி கேட்கிறவளாக இருந்ததில்லை. முதலில் கேட்கப்பட்டவளாகத்தான் இருந்தேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டுப் போனோம். கையில் எடுக்க முடிந்ததோடு புறப்பட்ட எங்கள் குடும்பம் புத்தளம் மாவட்டத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் போய் நின்றது.

அடுத்த வருடமாக இருக்க வேண்டும், ஒரு பெண் படிவத்துடன் எங்கள் கொட்டிலுக்கு வந்தா. நல்ல மாதிரிக் கதைத்தா. பக்கத்துக் கொட்டில்காரர் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டா.

"மூணு வேளை," என்றார் உம்மா.

நான் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று காலையில் எங்களுக்கு வெறும் தேத்தண்ணிதான். பகலைக்கு நிவாரண அரிசியில் கஞ்சி. நான் வாயைத் திறக்கப் போனபோது உம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினார். அந்தப் பெண் 3 என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனா.

உம்மா பொய் பேசுகிறவர் அல்ல. பெரியமடுவில் வயலும் மாடும் வைத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்ட வீடு எங்களுடையது. அத்தனை பேர் நடுவில், பிள்ளைக்குச் சோறு இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் காப்பாற்றியது மானத்தை.

அந்த 3 எங்கே போயிருக்கும் என்பது வளர்ந்து படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அது இன்னும் நூறு வீட்டு மூன்றுகளோடு சேர்ந்து ஒரு சதவீதமாகியிருக்கும். அந்தச் சதவீதம் ஓர் அறிக்கையின் ஒரு வரியாகியிருக்கும். அந்த வரியைப் பார்த்து எங்கோ ஒரு மேசையில் ஒருவர், இந்த முகாமில் உணவுப் பிரச்சினை பெரிதாக இல்லை என்று முடிவெடுத்திருக்கலாம். உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

ஆய்வு முறை பற்றி நான் கற்ற முதல் பாடம் இது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதை நான் கற்கவில்லை.

ஒரு சோறு பதமாகுமா?

"எங்களைப் பற்றி எழுதி எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் சனத்தைப் பற்றியே நடந்த ஓர் ஆய்வை உதாரணமாகச் சொல்கிறேன்.

செஸ்மல் சிறிவர்தன என்ற இலங்கை மருத்துவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். அவரும் அவருடைய குழுவினரும் 2011இல் புத்தளத்தில் இருபது வருடமாக இடம்பெயர்ந்து வாழ்ந்த வடக்கு முஸ்லிம்களில் வயதுவந்த 450 பேரிடம் மனநலம் பற்றி விசாரித்தார்கள். முடிவுகள் 2013இல் வெளியாகின. 18.8 சதவீதத்தினருக்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு, பொதுவான மனநல நோய் ஏதோ ஒன்று இருந்தது. துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், வேலையில்லாதவர்கள், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ளவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது.

நோயுற்றவர்களில் பெரும்பகுதியினரிடம் இருந்தது உடல்நோவாக வெளிப்படும் நோய். மொத்தத்தில் 14 சதவீதத்தினருக்கு அது இருந்தது. சகோதரிகளே, எங்கள் வீடுகளில் இதை நாங்கள் அறிவோம். "நெஞ்சு பாரமாயிருக்கு, கை கால் உளையுது, தலை விறைக்குது" என்று வைத்தியசாலைக்குப் போவோம். ஒரு பனடோல் அட்டையோடு திரும்பி வருவோம். அந்த நோவு பொய் அல்ல. மனதில் கிடக்கும் பாரம் உடம்பால் வெளியே வருகிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற பெயரிலேயே தமிழில் ஒரு நூல் எழுதினார். காயம் ஆறினாலும் வடு இருக்கும் என்பது எங்களுக்கு விளங்கும் பாஷை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஐந்தில் நாலு பேருக்கு அந்த நோய்கள் இல்லை. அவ்வளவையும் பார்த்த பிறகும் அவர்கள் சமாளித்து நின்றார்கள். இந்தத் தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த மருத்துவர் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அதே மக்களிடம் மீண்டும் போனார். 2017இல் அவர் இளவயதிலேயே காலமானது பெரிய இழப்பு. ஆனால் விதவைக்கும் வேலைக்கும் சோற்றுக்கும் மனநோயோடு உள்ள தொடர்பைக் காட்டும் எண்கள் இன்று எங்கள் கையில் இருக்கின்றன. "வாழ்வாதார உதவியும் ஒரு மருந்துதான்" என்று ஓர் அதிகாரியிடம் பேசும்போது வெறும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்களைக் காட்டலாம்.

450 பேரைக் கேட்டு எல்லோரையும் பற்றி எப்படிச் சொல்வது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதுதான் அடிப்படை. ஆனால் மேலாக இருக்கும் சோற்றை மட்டும் பார்த்தால் அடிப்பிடித்தது தெரியாது. பானையைக் கிளறி எடுக்க வேண்டும். அதற்குத்தான் பெயர்ப் பட்டியலிலிருந்து எழுமாற்றாக, சீட்டுக் குலுக்குவதைப் போல, வீடுகளைத் தெரிவு செய்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் அதில் ஓரவஞ்சனை இல்லை. சீட்டு அப்படி விழுந்திருக்கிறது.

செத்துமில்லை, இருக்கவுமில்லை

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

வெளிவாரியாகக் கலைப்பட்டம் முடித்ததும், ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்குத் தகவல் சேகரிப்பவளாக வேலைக்குச் சேர்ந்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முஸ்லிம்கள் நாங்கள் புத்தளத்திலிருந்தும், தமிழ்ச் சகோதரிகள் செட்டிக்குளம் முகாம்களிலிருந்தும் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு நேர்காணலுக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒரு நாளைக்கு ஆறு வீடு முடித்தால் நல்லது.

பெரியமடுவுக்கு அயலில் ஒரு ஊரில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். 2008இல் ஊரை விட்டு வன்னிக்குள் போய், 2009இல் கடைசி வரைக்கும் நின்று மீண்டவர். நான் படிவத்தில் இருந்தபடி கேட்டுக்கொண்டு போனேன். "உங்கள் குடும்பத்தில் யாராவது யுத்தத்தில் இறந்திருக்கிறார்களா? ஆம், இல்லை."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "என்ர மகன் செத்துமில்லைப் பிள்ளை, இருக்கவுமில்லை. நீர் எதைப் போடப் போறீர்?"

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. வெளியே வாகனம் காத்துக்கொண்டு நின்றது. நான் 'ஆம்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவர் அதைக் கண்டார். பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஓம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு கிழமை கழித்து அதே ஊருக்குப் போனபோது அவருடைய அயல்வீட்டுப் பெண் என்னை மறித்தாள். "நீங்கள் என்னத்தைக் கேட்டனீங்கள்? அண்டையிலயிருந்து அவ அடுப்பு மூட்டேல்ல. நாங்கள்தான் சாப்பாடு குடுக்கிறம். ஒருத்தி வந்து என்ர பிள்ளையைச் செத்தவன் எண்டு எழுதிப்போட்டுப் போட்டாள் எண்டு சொல்லிச் சொல்லி அழுறா."

நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் இருந்தார். படிவத்தை எடுத்து, அவர் பார்க்கவே அந்தச் சரியை வெட்டி, ஓரத்தில் 'காணாமற்போனவர், தாய் தேடிக்கொண்டிருக்கிறார்' என்று எழுதிக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் பிள்ளை," என்றார். அவருடைய கையால் அன்று குடித்த தேத்தண்ணியை நான் மறக்கமாட்டேன்.

மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னேன். ஆய்வு தொடங்கிய பிறகு கேள்வியை மாற்றினால் முதலில் கேட்டவர்களின் பதிலோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆகவே பிழை கடைசியில் திருத்தப்பட வேண்டியதல்ல, தொடக்கத்திலேயே தடுக்கப்பட வேண்டியது. வினாக்கொத்தை அச்சடிக்க முதல் நாலைந்து தாய்மாரிடம் முன்னோடியாகக் கேட்டுப் பார்த்திருந்தால், முதல் நாளிலேயே அந்த மூன்றாவது கட்டத்தை அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

பிற்பாடு அரசாங்கத்துக்கும் அந்த மூன்றாவது கட்டம் தேவைப்பட்டது. அதுவரை காணாமற்போனவரின் குடும்பம் சட்டப்படி எதையும் செய்ய மரணச் சான்றிதழைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்து வைக்க மனமில்லாத தாய்மார் உதவியே வேண்டாம் என்று இருந்தார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் பெற வழி வந்தது. அது பிள்ளையைத் தராது. ஆனால் தாயின் வாயால் 'செத்துவிட்டான்' என்று சொல்லவும் வைக்காது.

கேட்பவருக்கும் சட்டம் உண்டு

ஆய்வாளர் எதையும் கேட்கலாம் என்று இல்லை. இதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை ஓர் ஆய்வு நடந்தது. சிபிலிஸ் நோயுள்ள ஏறத்தாழ 400 ஏழைக் கறுப்பின ஆண்களை, நோய் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காகவே சிகிச்சையின்றி விட்டுவைத்தார்கள். பெனிசிலின் மருந்து வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. மனைவிமாருக்கும் நோய் தொற்றியது. படித்தவர்கள், அரச சுகாதாரத் துறையினர் செய்த வேலை இது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கைதிகள் மீது நடந்த கொடூரப் பரிசோதனைகளும் வெளியே வந்தன. இப்படியான அநியாயங்களைத் தடுக்கத்தான் 1964இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் உலக மருத்துவ சங்கம் ஆய்வு அறநெறிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. பெண்கள் மீதான வன்முறை பற்றி ஆராய்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் தனியாக ஒரு வழிகாட்டி தந்தது. பெண்ணின் பாதுகாப்பே முதலாவது, தகவல் அதற்குப் பிறகுதான் என்பது அதன் சாரம்.

ஆகவே உங்கள் படலைக்கு ஒருவர் படிவத்தோடு வந்தால், கதிரை கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பதில் சொல்ல முன் நீங்களும் சில கேள்விகளைக் கேளுங்கள்.

நீங்கள் யார், எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா? இதை எதற்காகக் கேட்கிறீர்கள்? என் பெயர் எங்கே எழுதப்படும், யார் பார்ப்பார்கள்? நான் மறுத்தால் வீட்டுத்திட்டமோ உதவியோ நிற்குமா? முடிவை எனக்கு எப்போது, எந்த மொழியில் சொல்வீர்கள்?

நான்காவது கேள்விக்கு 'நிற்காது' என்பது ஒன்றே சரியான பதில். பிடிக்காத கேள்வியைத் தவிர்க்கலாம். நடுவில் எழுந்து போகலாம். "மாமியார் வீட்டில் இருக்கிறா, இப்போது கதைக்க முடியாது" என்று சொல்லலாம். கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாறலாம். சம்மதம் என்பது உங்கள் வீட்டுத் திறப்பைப் போல. கொடுத்த பிறகும் அது உங்களுடையதுதான்.

பழைய நினைவு கிளறப்பட்டு நித்திரை கெட்டால் அதை மறைக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் கதைக்கலாம்.

கிணற்றுக்குள் கண்ட நுளம்பு

கேள்வி கேட்பது மட்டும் களவேலை அல்ல. எங்கள் மன்னாரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. யுத்தக் காலத்தில் மலேரியா எங்கள் பக்கத்து வீடுகளில் குடும்ப உறுப்பினர் மாதிரி இருந்தது. வீடு வீடாகப் போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்த்த ஊழியர்கள் யுத்தத்தின் நடுவிலும் வேலையை விடவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளி ஒருவரும் காணப்படாத நிலையில், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நாடே மகிழ்ந்திருந்த அதே வருடக் கடைசியில் மன்னாரில், கிணறுகளில் குடம்பிகளைத் தேடிக்கொண்டிருந்த களப்பணியாளர்கள் இலங்கையில் அதுவரை காணப்படாத ஒரு நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம். நோய் இல்லையே என்று கிணற்றை எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது யாருக்கும் தெரியாமல் பரவியிருக்கும். பொதுச் சுகாதார ஆய்வின் பயன் இதுதான். ஒரு கரண்டித் தண்ணீரில் கண்டதை எழுதி வைத்தால் ஒரு நாட்டுக்கே எச்சரிக்கை ஆகும்.

எங்கள் பிள்ளைகளும் செய்யலாம்

இந்த வேலைக்குக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் ஆள் வர வேண்டும் என்று இல்லை. எங்கள் மகள்மாரும் வரலாம். நடந்த பாதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பட்டம். மருத்துவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாதியியல், சமூகவியல், புவியியல், புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கும் பொதுச் சுகாதாரத்தில் இடம் உண்டு. பிறகு யாருடைய ஆய்விலாவது களத்தில் வேலை செய்யுங்கள். அடுத்தது முதுமாணி. அதற்குப் பிறகுதான் கலாநிதி. முழுநேரமாகச் செய்தாலும் மூன்று நாலு வருடம் பிடிக்கும். பகுதிநேரம் என்றால் இன்னும் கூட.

எனக்குக் கஷ்டமாக இருந்தவை இரண்டு. ஆங்கிலமும் கணக்கும். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளை நாளுக்கு ஒரு பக்கம் என்று அகராதியோடு வாசித்தேன். முதலில் ஒரு கட்டுரை முடிய ஒரு மாதம் எடுத்தது. கணக்கை என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு தங்கச்சியிடம் வெட்கத்தை விட்டுப் படித்தேன். இவற்றைப் படித்துப் பிடிக்கலாம். 'யோசனை' என்று ஒரு தாய் சொல்லும்போது அது வெறும் சிந்தனை அல்ல, இரவு முழுதும் கண் மூடாத கவலை என்று விளங்குகிற காது இருக்கிறதே, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வினாக்கொத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்பவும் ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார்கள். எழுத்து சரியாக வந்துவிடும். ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் பொருள் தவறிப்போகும்.

களத்துக்குப் போகும் மகள்மாருக்கு மூன்று சொல்வேன். அடுப்பில் உலை இருக்கும் நேரம் போகாதீர்கள். அறுவடை நாளில் போகாதீர்கள். ஒவ்வொரு இரவும் களக்குறிப்புக் கொப்பியில் அன்று கண்டதை எழுதுங்கள், முக்கியமாக உங்கள் பிழைகளை.

எட்டாவது தாள்

மாமி வீட்டுக்கு அடுத்த நாள் திரும்பப் போனேன். "முடிவை நானே வந்து சொல்வேன். வராவிட்டால் என் வீடு உங்களுக்குத் தெரியும்தானே," என்றேன். சிரித்துவிட்டுப் பதில் சொன்னார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஊரில் பெண்களைக் கூட்டினேன். முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். முடிவுகளை வாசித்துச் சொன்னேன். கிளினிக்குக்குப் போகப் பஸ் இல்லாதது, உடல்நோவு, நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். முடிந்ததும் மாமி கேட்டார்:

"எல்லாம் சரி மகள். பூட்டின வீட்டுக்காரங்களை ஏன் நீ கேட்கல்ல?"

எனக்குத் திடுக்கிட்டது. எங்கள் ஊரில் பல வீடுகள் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். பிள்ளையின் படிப்புக்கும், வருத்தக்காரரின் மருந்துக்கும், பிழைப்புக்கும் புத்தளத்தில் ஒரு கால், இங்கே ஒரு கால். பூட்டிய வீடு வந்தால் அடுத்த வீட்டை எடுத்திருந்தேன். அதாவது, ஊரில் நிலைத்து இருக்க முடிந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு, திரும்பி வந்தவர்களின் நலம் இது என்று எழுதியிருந்தேன். நிற்க முடியாமல் போனவர்களின் கதை என் சதவீதத்துக்குள் இல்லை. சோற்றை நான் மேலாகத்தான் எடுத்திருந்தேன். மேற்பார்வையாளரும் பரீட்சகர்களும் காணாததை மாமி கண்டார்.

இப்போது நான் கலாநிதிப் பட்டத்துக்காகத் தயாரித்துக்கொண்டிருக்கும் முன்மொழிவு அந்தப் பூட்டிய வீடுகளைப் பற்றியது. இரண்டு ஊருக்கும் போக வேண்டும், ஒரு வீட்டுக்கு மூன்று நாலு தரமாவது போக வேண்டும், செலவும் காலமும் கூடும். நிறைவேறுமோ தெரியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி என்பது மட்டும் தெரியும்.

முன்னோடியாகப் புதிய வினாக்கொத்தை முதலில் உம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். உணவு பற்றிய கேள்வி வந்தது. உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பயா மகள், அப்பயா?"

நான் பேசவில்லை.

"இப்ப மூணு வேளை, அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஒரு வேளை. சில நாள் அதுவுமில்ல. உனக்குத் தெரியும்தானே, நீ பக்கத்துல நின்ட. எழுது."

எழுதினேன். முப்பது வருடத்துக்கு மேல் பிந்திப்போன பதில்.

அன்று பின்னேரம் மாமி வீட்டுக்கும் போனேன். என் பழைய ஆய்வின் முடிவுகளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். கடைசி வரியில் 'பூட்டிய வீடுகளில் உள்ளவர்களிடம் இந்த ஆய்வில் கேட்கப்படவில்லை' என்று சேர்த்திருந்தேன். மாமி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தகரப்பெட்டியைத் திறந்தார். மற்ற ஏழு தாளையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுகளையும் ஒருநாளைக்கு வாசிச்சுச் சொல்லு. என்ன கேட்டு என்ன எழுதினாங்க எண்டு பார்ப்பம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.